இருபது சட்டைகளும் என் மானமும்

ஐந்து சதவீதப் பிழைக்கு மேல் போகாமல் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது என்று அந்தச் சனிக்கிழமை தீர்மானித்தேன்.

சிரிக்காதீர்கள். கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் புள்ளியியல் நடத்துகிறவன் நான். மானமே ஆனாலும் சோதித்துப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வேன்.

என் மனைவிக்கு நாற்பத்தொன்பது வயதில் நீச்சல் கற்க ஆசை வந்தது. வகுப்பு ஞாயிறு காலை. ஞாயிறு காலைதான் அவள் என் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் நேரம். நான் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்து, அவளுக்குத் துணையிருக்கும் நேரம்.

"அப்போ சட்டையெல்லாம் யார் தேய்ப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் மழை விட்டபின் கொடிக்கம்பியில் வரிசையாக நின்ற துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அது நான் செய்த முதல் பிழை.

சனிக்கிழமை எதிர்வீட்டு நர்ஸிடம் என் காதுபடச் சொன்னாள்:

"அவருக்கு இஸ்திரி மட்டும் வராதும்மா, பாவம்."

"சாருக்கா? அவ்வளவு படிச்சவருக்கா, அக்கா?"

"படிப்பு வேற, காலர் வேற."

செய்தித்தாளை வீசிவிட்டு எழுந்தேன். "எனக்கா வராது? பெட்டி தானா சுடுது. தள்ளிவிட ஒரு கை. அவ்வளவுதானே!"

"வாயால தேய்ச்சா சுருக்கம் போகாதுங்க."

"சோதிச்சுப் பார்த்துடுவோமா?"

"ஐயோ, வேண்டாங்க. தோத்துட்டீங்கன்னா உங்க மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்?"

போதாதா எனக்கு?

இரண்டு பேர் கைக்கும் வித்தியாசம் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். பிறகு அதை உடைக்க ஆதாரம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழசும் புதுசுமாக இருபது சட்டை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் நர்ஸ் காசைச் சுண்டினாள்: தலை விழுந்தால் மனைவி, பூ விழுந்தால் நான். ஒருவர் தேய்ப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. அறைக்கதவைச் சாத்தச் சொன்னதும் நானே. நடுவர், தெருமுனைத் தையல்காரர். எந்தச் சட்டை யார் கை என்று அவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏறக்குறைய பத்து சரியாகிவிடும். பதினைந்துக்குக் குறையாமல் சரியாகச் சொன்னால், வித்தியாசம் உண்டு, நான் தோற்றேன்.

தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு சட்டையாகத் திருப்பினார். நடுநடுவே பெருமூச்சு விட்டார். கடைசியில் சரியாகச் சொன்னவை பதினொன்று.

"பதினொண்ணு! வித்தியாசமே இல்லைன்னு நிரூபிச்சாச்சு!" என்று குதித்தேன். அத்தோடு விட்டேனா? நம்பிக்கை இடைவெளியையும் கணக்கிட்டு உரக்கப் படித்தேன். "அவர் சரியாச் சொல்ற விகிதம் நூத்துக்கு முப்பத்துமூணுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவுல. தொண்ணூத்தஞ்சு சதவீத நம்பிக்கையோட சொல்றேன்!"

"நம்பிக்கை இடைவெளியா? அது கல்யாணமான எல்லா வீட்டுலயும் இருக்கறதுதானே" என்றாள் மனைவி. "அதுக்குன்னு இவ்வளவா? ஒரு லாரியையே உள்ள விட்டுத் திருப்பலாம் போலிருக்கே."

"குருட்டாம்போக்குக்கு வர்ற ஐம்பது அதுக்குள்ள இருக்கா இல்லையா, சொல்லு!"

"இருக்குங்க, ஒத்துக்கறேன். நீங்க தேய்ச்சா என்ன, நான் தேய்ச்சா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

நர்ஸ் கை தட்டினாள். முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட என் மார்பு அப்படி விரிந்ததில்லை.

மறுநாள் காலை மனைவி தோளில் பையோடு வாசலில் நின்றாள். மேசையில் அந்த வாரம் துவைத்த ஏழு சட்டை. இஸ்திரிப் பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது.

"எங்கே கிளம்பிட்டே?"

"நீச்சலுக்கு."

"சட்டை?"

"எல்லாம் ஒண்ணுதானே!"

அவள் தலை மறைந்ததும் தையல்காரரிடம் ஓடினேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அம்மா சட்டைல ஏதாவது ஒரு வித்தியாசம் இருந்திருக்குமே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், அம்மா தேய்ச்ச சட்டையப் பத்து வருஷமா உங்க மேல பார்க்கறேன். நேத்து வந்த இருபதுல ஒண்ணுகூட அவங்க கை இல்ல. அத்தனையும் உங்க கைன்னுதான் நினைச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு வாய்க்கு வந்தபடி மாத்தி மாத்திச் சொல்லிவச்சேன்."

ஈரத்தலையோடு திரும்பியவளை வாசலிலேயே மடக்கினேன். "வேணும்னே மோசமாத் தேய்ச்சியா?"

"ஆமாங்க" என்றாள், கூசாமல். "நர்ஸைக் கூப்பிடட்டுமா? சோதனை செல்லாது, உங்களுக்கு இஸ்திரி வராதுன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையே நான் தேய்க்கறேன்."

நேர்மையான வழி இன்னொன்று இருந்தது. வித்தியாசம் அகப்படவில்லை என்பது வேறு, வித்தியாசம் இல்லை என்பது வேறு. முதலாண்டு மாணவர்கள் இரண்டையும் குழப்பினால் இரண்டு மதிப்பெண் வெட்டுவேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆண்டுதோறும் என் விடைத்தாள்களுக்குக் கூட்டல் போட்டுத் தருகிறவள் அவள்.

"ரெண்டு மார்க்க வெட்டிடவா?" என்றாள்.

"நர்ஸைக் கூப்பிட வேண்டாம்" என்றேன்.

இன்றுவரை என் முடிவை யாரும் மறுக்கவில்லை. அவளும் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிற்காமல் நீந்துகிறாள். அதையும் ஊரெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். தலை நிமிர்ந்துதான் கல்லூரிக்குப் போகிறேன். ஆனால் வாயில்காவலர் முதல் முதல்வர் வரை, என் சட்டையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்:

"என்ன சார், வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்களா?"