மரக்காணத்து இமயமலை

ஏழடிக் கட்டையின் ஒரு முனை அடுப்பங்கரைக்குள் இருந்தது. மறுமுனை வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் விருத்தாசலம் வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாங்க இது, தெருவுல போற மாடு முட்டிக்கினு நிக்குது! ஒண்ணு உள்ள இழுங்க, இல்ல வெளிய தள்ளுங்க” என்றாள் மனைவி வீரம்மாள்.

“உள்ள இழுத்தா அடுப்புல பூந்துடும், வீரம்மா.”

“பூரட்டுமே. விறகு இல்லாமதான் நானும் குந்திக்கினு இருக்கேன்.”

“வாயைக் கழுவு! இது ஸ்கீ! பனிமலைமேல சறுக்குற கட்டை!”

“இருக்கட்டும். மலை எங்க, வண்டியில பின்னாடி வருதா?”

விருத்தாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விழுப்புரம் ஜங்ஷனில் அவர் பார்சல் குமாஸ்தா. வயது நாற்பத்திரண்டு. பதினெட்டு வருஷமாக ஊரார் மூட்டைகளில் சிம்லா, பதான்கோட், டார்ஜிலிங் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார். வளவனூர் வெல்லம் சிம்லாவைப் பார்த்துவிட்டது. திண்டிவனத்து மல்லாட்டைக் கடலை டார்ஜிலிங்கைப் பார்த்துவிட்டது. எழுதி அனுப்பிய மனுஷன் மட்டும் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. செத்துப் போவதற்குள் ஒரே ஒரு தடவை பனிமலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதன்மேல் கால் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஆனால் அந்த ஆசை ஆளையே தின்றுகொண்டிருந்தது.

அந்த ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. தை மாதம் இமயமலையில் ஊழியர்களுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சியாம். போக வர பாஸ், சாப்பாடு, கம்பளிக்கோட்டு, எல்லாம் இலவசம். விழுப்புரம் பக்கத்துக்கு ஒரே ஓர் இடம். ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்கே முதலுரிமை.

விருத்தாசலத்தின் பேனா தானாக ஓடியது. ‘மூன்று வருஷப் பழக்கம் உண்டு. விடுமுறை நாள்களில் மரக்காணத்து உப்புக் குவியல்களில் இடைவிடாமல் பயின்று வருகிறேன்.’ கை எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் மனசு அதைப் படித்தது. ஐயையோ என்றது.

கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், பதில் வந்துவிட்டது. ‘ஸ்போர்ட்ஸ் ஆபீசர் திரு. சீனுவாசன் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை நேரில் வந்து, தங்களுடைய கட்டைகளையும் சறுக்கலையும் பார்வையிடுவார்.’

கட்டைக்கு எங்கே போவது? மரக்காணத்தில் மாயவன் இருந்தார். கட்டுமரம் செதுக்குகிறவர். மரத்தின் மூக்கை மேலே வளைத்துச் செதுக்க அந்தக் கரையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. உப்பளத்துக் காண்டிராக்டரும் பார்சல் ஆபீசுக்கு வந்து போகிற மனுஷர்தான். “உங்க ஆசைக்கு ஒரு குவியல்மேல ஏறிக்கோங்க, உப்பு தேய்ஞ்சா போவுது” என்று சொல்லிவிட்டார்.

எத்தனை அடி நீளம் என்பதில்தான் சனி பிடித்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கரையான் அரித்தது போக மிச்சமிருந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் இரண்டு கணக்குப் போட்டிருந்தது. கையைத் தூக்கி நின்றால் மணிக்கட்டு வரை எட்டும் கட்டை கெட்டிக்காரர்களுக்கு. வயது வந்தபின் சும்மா சந்தோஷத்துக்காகச் சறுக்க வருகிறவர்களுக்கு மார்பளவுக் கட்டையே உத்தமம். திருப்புவது சுலபம், விழுந்தாலும் முழங்கால் தப்பும்.

விருத்தாசலம் இரண்டையும் படித்தார். மூன்று வருஷப் பழக்கம் என்று எழுதிவிட்டு மார்பளவுக் கட்டையோடு போய் நின்றால் மானம் போகாதா? ஏழடிக்கே சொல்லிவிட்டார்.

அந்த ஏழடிதான் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ் கூரையில் வந்து, வழியில் ஒரு புளியமரக் கிளையை ஒடித்து, கண்டக்டரிடம் வசவு வாங்கிக் கொடுத்து, அப்புறம் ரயிலேறி விழுப்புரம் வந்து, இப்போது வீட்டுக்குள் நுழையாமல் நிற்கிறது.

கடைசியில் கொல்லைப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டார். ஆசை விடவில்லை. கட்டை இரண்டையும் காலுக்கு ஒன்றாகக் கயிற்றால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். ஆகா, என்ன கம்பீரம்! மாதுளைச் செடிப்பக்கம் திரும்பிப் பார்க்கலாம் என்று காலைத் தூக்கியதுதான் தாமதம், இடதுகட்டையின் வால்மேல் வலதுகட்டை ஏறி உட்கார்ந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. கிணற்றுக்கும் துணிதுவைக்கும் கல்லுக்கும் நடுவில் அரைமணி நேரம் அப்படியே நின்றார்.

வீரம்மாள் வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள். “கொல்லையிலயே இந்த பேஜாரா இருக்கே, மலைமேல எப்படிங்க? அந்தப் புத்தகத்துல சொன்ன மாதிரி மார் ஒசரத்துக்கு அறுத்துடுங்க.”

அறுக்க உட்கார்ந்தார். மார்பளவுக்கு இடதுகட்டையை அறுத்தார். வலதை அறுத்து இரண்டையும் சேர்த்து நிறுத்தினால், வலது இரண்டு விரற்கடை குட்டை. சரி, இடதைக் கொஞ்சம் எடுத்தார். இப்போது இடது குட்டை. வலதைக் கொஞ்சம் எடுத்தார். ரம்பம் கோணிக்கொண்டு போய்விட்டது. குரங்கு அப்பம் பங்கு வைத்த கதையாக, மார்பளவு இடுப்பளவாகி, இடுப்பளவு தொடையளவாகி, ஒருவழியாக இரண்டும் சமமானபோது நீளம் இரண்டரை அடி.

“போதும், வையுங்க ரம்பத்த” என்றாள் வீரம்மாள். “இன்னும் ரெண்டு தபா அறுத்தீங்கன்னா மணைப்பலகை ஆயிடும்.”

விருத்தாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வண்டியைப் பிடித்து மரக்காணத்துக்கு ஓடினார்.

மாயவன் குட்டைக் கட்டைகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார், நான் செதுக்கினது மரம். நீங்க கொண்டாந்திருக்கிறது அகப்பை.”

“புதுசா ஒரு ஜோடி ஜல்தியா செதுக்கிக் குடுங்க, மாயவன். சனிக்கிழமை ஆபீசர் வர்றார்.”

“பத்து நாள் ஆவும். கடல்ல மீன் பட்டுக்கினு இருக்குது, நான் எங்க உளி புடிக்கிறது? வால்தான போச்சு, மூக்கு நல்லா இருக்குதில்ல? அடியில மூணு பூச்சு மீனெண்ணெய் போடுங்க. வழுக்கிக்கினு போவும்.” ஒரு பாட்டில் எண்ணெயும் கொடுத்தனுப்பினார்.

மூன்று பூச்சுப் போட்டு வெயிலில் வைத்தார். சாயங்காலத்துக்குள் ரயில்வே குவார்ட்டர்ஸில் உள்ள அத்தனை பூனைகளும் வீரம்மாள் வீட்டுக் கொல்லையில் கூடிவிட்டன. ராத்திரி தூக்கிக் கூரைமேல் வைத்தார். பூனைகள் கூரைமேல் ஏறி ஓட்டைப் பிரித்தன. மறுநாள் பார்த்தால், காலில் கட்டுகிற கயிற்றையும் மீன் வாசனைக்காகக் கடித்துத் துண்டுதுண்டாக்கிவிட்டிருந்தன.

“இதுக்கு நான் வழி பண்றேன்” என்று விருத்தாசலம் தம்முடைய கறுப்பு ஷூவை எடுத்தார். கட்டைக்கு ஒன்றாக வைத்து, ஷூவுக்கு எட்டு ஆணி அடித்து இறக்கிவிட்டார். இனிமேல் எந்தப் பூனை என்ன செய்யும்? காலை உள்ளே விட்டு லேசைக் கட்டினால் முடிந்தது. தம் புத்தியைத் தாமே மெச்சிக்கொண்டார்.

பதினாறாவது ஆணியின் தலையில் கடைசி அடி விழுந்தபோது ஸ்டேஷனிலிருந்து போர்ட்டர் ஓடிவந்தார். “சார், போன் வந்துச்சு! ஸ்போர்ட்ஸ் ஆபீசர் சனிக்கிழமை வரலியாம், இன்னைக்கே வந்துட்டாராம். திண்டிவனத்துல ஜீப்போட குந்திக்கினு இருக்காராம். உங்கள அடுத்த வண்டியில வரச் சொன்னாங்க!”

விருத்தாசலத்திடம் இருந்தது அந்த ஒரே ஜோடி ஷூ. கோட்டுப் போட்டு, டை கட்டி, வெறுங்காலோடு, கோணிப்பையில் கட்டைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நான்கு பூனைகள் பிளாட்பாரம் வரை வந்து வழியனுப்பின. வீரம்மாள் வாசலில் நின்று கத்தினாள். “பயப்படாம போங்க! எட்டு ஆணி அடிச்சிருக்கீங்க, எங்கயும் போயிடாது!”

திண்டிவனத்தில் ஆபீசர் சீனுவாசன் ஜீப்பில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, தொப்பி, முழங்கால் வரை காலுறை, மடியில் ஒரு தடிமனான நோட்டு. பின்சீட்டில் பியூன் இருதயராஜ் குடையோடு இருந்தார். ஆபீசர் முதலில் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம் கோணிப்பையை மோந்து பார்த்தார். நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். விருத்தாசலத்தை ஏற்றிக்கொண்டு ஜீப் மரக்காணத்துக்குக் கிளம்பியது.

உப்பளத்தில் வெயில் வெள்ளைவெளேரென்று அடித்தது. குவியல் பதினைந்தடி உயரம். கட்டைகளைக் கீழே வைத்தார்.

“மிஸ்டர் விருத்தாசலம், கட்டை ஏன் இவ்வளவு குட்டை?”

வந்தது வினை! விருத்தாசலம் புத்தகத்து வரியைப் பிடித்துக்கொண்டார். “நீளக்கட்டை சின்ன வயசுக்காரங்களுக்குங்க, ஐயா. நாப்பது தாண்டின காலுக்குக் குட்டைதாங்க தோது. வாலோட வால் மோதாது. திரும்பணும்னு நெனச்சாப் போதும், திரும்பிடும்.”

ஆபீசர் எழுதினார். “இது என்ன நாற்றம்?”

“மீனெண்ணெய்ங்க. வழுக்குறதுக்கு.”

“எத்தனை பூச்சு?”

“மூணுங்க.”

“ஷூவை ஆணி வச்சு அடிச்சிருக்கீங்களே?”

“கயிறு பூ... கயிறு பலமில்லீங்க.”

அதையும் எழுதினார். போச்சு, குற்றப்பத்திரிகையே தயாராகிறது என்று நினைத்தார் விருத்தாசலம்.

“நிறுத்துறது எப்படி?”

இதை அவர் யோசித்ததே இல்லை. “அது... தானா நின்னுடுங்க.”

‘தானாக’ என்று ஆபீசர் எழுதி அடிக்கோடு வேறு போட்டார்.

விருத்தாசலம் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். உச்சியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலைவிட்டு லேசைக் கட்டினார். எழுந்து நின்றார். கீழே உப்பளத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி, “ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ!” என்றாள்.

முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு முன்னே சாய்ந்தார்.

சர்ர்ர்! அம்மாடி! காது இரண்டிலும் காற்று! வயிறு மேலேயே நின்றுவிட்டது, ஆள் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தார். விருத்தாசலத்தின் தொண்டையிலிருந்து “ஆஆஆ” என்று ஒரு கூச்சல் கிளம்பியது. அது பயக் கூச்சலாகத் தொடங்கிச் சந்தோஷக் கூச்சலாக முடிந்தது. நிற்கவில்லை. தரை வந்தும் நிற்கவில்லை. வரப்பில் கட்டையின் மூக்கு இடித்து, கோட்டும் டையுமாக உப்புத்தண்ணீர்ப் பாத்தியில் தொபுகடீர் என்று விழுந்தார்.

“விழுந்தது வேணும்னேயா?” ஆபீசர் வரப்பில் ஓடிவந்து கேட்டார்.

“ஆமாங்க” என்றார் விருத்தாசலம், வாயிலிருந்த உப்பைத் துப்பிக்கொண்டு. “விழத்தாங்க மொதல்ல கத்துக்கணும்!”

அவருக்கு இப்போது எதுவும் பயமில்லை. சொட்டச்சொட்ட மறுபடி ஏறினார். மறுபடி சறுக்கினார். மூன்றாம் தடவை, பாத்தி நெருங்கும்போது, திரும்பணுமே என்று நினைத்தார். குட்டைக் கட்டைகள் அழகாக இடப்பக்கம் திரும்பி, சர்ரென்று உப்பை வாரியடித்து, தானாக நின்றன! பெண்கள் கைதட்டினார்கள். விருத்தாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பாலும் இருக்கலாம். ஏழடியில் இது நடந்திருக்குமா? சத்தியமாக நடந்திருக்காது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மனசு குத்தியது. இங்கே ஏமாற்றிவிடலாம். தை மாதம் நிஜ மலையில், கரைகண்டவர்கள் முன்னால் நின்றால் பொய் வெளுத்துவிடாதா? அங்கே போய் அசிங்கப்பட்டுத் திரும்புவதைவிட இங்கேயே சொல்லிவிடுவது மேல். இடம் போனால் போகட்டும். மூன்று தடவை பறந்தாகிவிட்டது.

“ஐயா” என்றார். “உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். இந்தச் சறுக்கல் விஷயமா...”

“இருங்க, இருங்க, அதுக்குள்ள சொல்லிடாதீங்க!” ஆபீசர் பதறினார். “பென்சில் மொக்கையாயிடுச்சு. சீவிட்டு வந்துடறேன்.” தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

விருத்தாசலம் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். “அவ்வளவுதான் இருதயராஜ், என் கதை முடிஞ்சுது. எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதிட்டார்.”

இருதயராஜ் அவர்மேல் குடையைப் பிடித்தார். ஜீப்புப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்து காதோடு சொன்னார்:

“இனிமே சொல்றத கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க சார், ஐயாவுக்கு எழுதிக்க வேணாமா? தை மாசம் மலைமேல நின்னு உங்க எல்லாருக்கும் பாடம் சொல்லிக் குடுக்கப்போற வாத்தியாரே அவருதான!”