ஆஃப் ஆகாத ஏ.சி.யும் அக்காவின் தொண்டையும்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஜனவரி 20

சிரஞ்சீவி மஹாதேவனுக்கு அத்திம்பேர் சுந்தரராஜன் அனேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே அகத்தில் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், வண்டியைத்தான் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே. இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இதை வாட்ஸப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுக் கழன்றுகொள்வாய். ஸ்பீட் போஸ்ட் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

போன ஆவணியில் உனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தபோது, "பதினாலு வருஷத்து வண்டின்னு நெனச்சுடாதேங்கோ அத்திம்பேர், ஏ.சி. ஆட்டோமேட்டிக். எத்தனை டிகிரின்னு சொல்லிட்டா அதுவே பாத்துக்கும்" என்று சாவியைக் கையில் திணித்தாய். அதுவேதான் பார்த்துக்கொள்கிறது, நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மார்கழி பிறந்து நாலைந்து நாளில் ஆரம்பித்தது. வண்டியைக் கிளப்பினால் முகத்தில், கழுத்தில், காலில் என்று எல்லாப் பக்கமும் ஐஸ் காற்று. இருபத்தாறு வைத்தாலும் அதேதான், முப்பது வைத்தாலும் அதேதான். ஆஃப் பட்டனை அழுத்தினால் அமுங்குவதே இல்லை. ஊரில் இந்த மாதம் நாய்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிறது, என் வண்டி மட்டும் குளிர் போதாது என்கிறது.

நான் வண்டியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நீ வாயைத் திறக்கக்கூடாது. மார்கழி பூராவும் காலையில் குளித்துவிட்டுக் கீழே இறங்கி, ஸ்டியரிங்குக்கும் ஏ.சி. பட்டன் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, இரண்டு ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன். இந்த வண்டியில் எனக்குப் பிடித்த ஒரே அம்சம் அதுதான். பட்டன்களுக்குப் பக்கத்திலேயே ஊதுபத்தி செருக அளவாகத் துளை போட்டு ஒரு குட்டிச் சல்லடை வைத்திருக்கிறான் கம்பெனிக்காரன், பக்திமான். எரிந்து முடிந்த அடிக்குச்சியை விரலால் தள்ளினால் உள்ளே போய்விடுகிறது, குப்பையும் கிடையாது. "காருக்குள்ள எதுக்கு ஊதுபத்தி?" என்று உன் அக்கா முதல் நாளே முகத்தைச் சுளித்தாள். அதற்கென்றே விட்ட துளை என்று அவளுக்குக் காட்டினேன்.

உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும். "பாட்டரி வயரைக் கழட்டிப் பத்து நிமிஷம் கழிச்சு மாட்டுங்கோ, பேனல் எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கும்" என்றாய். மாட்டினேன். கடிகாரம் நேரத்தை மறந்தது. ரேடியோ பாட்டை மறந்துவிட்டு என்னிடம் ஏதோ ரகசிய எண் கேட்டது. திருட்டு அலாரம் நான்தான் சொந்தக்காரன் என்பதை மறந்து ஊளையிட ஆரம்பித்தது. குளிரை மட்டும் அது மறக்கவில்லை. மூன்று மாடிக்காரர்களும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். கீழ்வீட்டு மித்ரா அண்ணா, இந்த ஊர்க் கணக்கில் மித்ரா தா, சால்வையோடு வந்து டீ வரவழைத்தார். கேஸ் தீர்ந்திருக்கும் என்றார் ஒருவர், தீர்ந்தால் எப்படி ஐயா குளிரும் என்றார் இன்னொருவர். அரை மணியில் பேச்சு புட்பாலுக்குப் போய்விட்டது, அலாரம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் போகட்டும், என் வயிற்றெரிச்சல் வேறே. பொங்கலுக்கு முதல் நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க உன் அக்காவை லேக் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனேன். போக வர அந்தக் காற்று நேரே அவள் கழுத்தில். மறுநாள் பால் பொங்கும்போது வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அன்றிலிருந்து எல்லாம் துண்டுச் சீட்டுதான். 'காபி திக்காக இல்லை' என்று ஒரு சீட்டு, 'மெதுவாகப் பேசவும்' என்று ஒரு சீட்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் இப்படியொரு அமைதி இருந்ததில்லை, அதை அனுபவிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. காபி போடுவதும் நான், கஷாயம் வைப்பதும் நான். இரண்டு நாளாகக் குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி உள்ளேயே இருக்கிறாள், ஆவி பிடிக்கிறாளாம். தை கடைசியில் உன் பெண் சுபிக்ஷாவுக்குக் கல்யாணம். அத்தைதான் ஊஞ்சல் பாட்டுப் பாட வேண்டும் என்று அந்தக் குழந்தை ஆசையாகக் கேட்டிருக்கிறது, இவளும் ஆறு மாதமாக அடுப்படியில் பாடிப் பாடிப் பழகினாள். நிஜமாகச் சொல்கிறேன் மஹாதேவா, குரல் வராமலே போய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கிறது.

நேற்று வண்டியை ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சியில் தபன் தா என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மங்கி கேப், மஃப்ளர், உன் அக்காவின் சால்வை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, வெளிக்காற்றாவது கதகதப்பாக இருக்கட்டும் என்று நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் போனேன். கண் மட்டும் தெரிகிற ஆளைப் பார்த்து டிராபிக் சார்ஜெண்ட் ஓரம் கட்டச் சொன்னார். தலையை உள்ளே விட்டவர் சட்டென்று பின்வாங்கி, "தாதா, தார்ஜீலிங் ஜாச்சேன் நாகி?" என்று கேட்டார். இந்த ஊர்த் துறைமுக ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவனைப் பார்த்து டார்ஜிலிங் போகிறாயா என்கிறான். தபன் தா பேனலைக் கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வண்டியை வைத்துக்கொண்டார்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். குரல் இல்லாத அத்தையைக் கொண்டுவந்து ஊஞ்சலுக்கு முன்னால் நிறுத்தி அவளை அழவிட நான் தயாராக இல்லை. நாங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை, ரயில் டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறேன். வண்டியை லாரியில் ஏற்றி உனக்கே அனுப்பி வைக்கிறேன். ஜானவாச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை அதில் உட்கார்த்தி வை, அவனும் கொஞ்சம் நடுங்கட்டும்.

சுபிக்ஷா தீர்க்க சுமங்கலியாக நன்றாக இருக்க வேண்டும். உனக்கும் ஆசீர்வாதம்தான், ஆனால் அரை மனசோடு.

இப்படிக்கு,
சுந்தரராஜன்

பின்குறிப்பு: சாயங்காலம் தபன் தா கூப்பிட்டார், போய்விட்டு இப்போதுதான் வந்தேன். அந்தச் சல்லடைக்குப் பின்னால் ஒரு குட்டி விசிறியும் சென்சாரும் இருக்கின்றனவாம். வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று அது சொன்னால்தான் ஏ.சி.க்குத் தெரியுமாம். தினம் அதன் முகத்தில் நெருப்பைக் காட்டி, விசிறியிலும் குச்சியைச் சொருகினால் அது வேறென்ன சொல்லும்? உள்ளேயிருந்து ஐம்பத்தெட்டுக் குச்சி வந்தது. மார்கழி இருபத்தொன்பது நாள், நாளுக்கு இரண்டு, கணக்குச் சரிதான். ஆஃப் பட்டனுக்கடியில் சந்தனம் பாறையாக இறுகியிருந்தது. பூஜைக் குச்சியைக் குப்பையில் போட மாட்டேன், கங்கையில் விட்டுவிடுங்கள் காக்கு என்று சித்தப்பா முறை வைத்துச் சொல்லி, அவற்றைப் பேப்பரில் சுற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரும் வழியில் ஹவுராவில் வண்டியை நிறுத்திவிட்டு, ஃபெரிப் படகில் ஒரு நடை போய் ஆற்றில் விட்டுவிட்டேன். வண்டி இப்போது இருபத்தாறு என்றால் இருபத்தாறு. மேலே எழுதியதைக் கிழித்திருப்பேன், இவ்வளவு எழுதிய கை கேட்கவில்லை. அக்காவிடம் நீதான் போனிலேயே கோளாறைக் கண்டுபிடித்தாய் என்று சொல்லிவிட்டேன், அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஊதுபத்தி விஷயத்தை மறந்துவிடு. அவள் தொண்டை சரியாகிவிட்டால் கல்யாணத்துக்கு வருகிறோம்.

மஹாதேவா, உன் அத்திம்பேர் எழுதுவதோடு சரி, கவரை ஒட்டி விலாசம் எழுதுவது இந்த வீட்டில் எப்போதும் நான்தான். படித்தாகிவிட்டது. டிக்கெட் என் போனில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. தொண்டை ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிட்டது, குழாயைத் திறந்துவிட்டு ஊஞ்சல் பாட்டு முழுவதையும் பாடிப் பார்த்துவிட்டேன். காபி இப்போதுதான் அவருக்குத் திக்காகப் போட வருகிறது. அதனால் ரயில் ஏறுகிற வரைக்கும் துண்டுச் சீட்டிலேயே ஓட்டுவதாக இருக்கிறேன், நீ அவரிடம் மூச்சு விடாதே. அத்தை பாட வருகிறாள் என்று சுபிக்ஷாவிடம் மட்டும் சொல். - உன் அக்கா வசுமதி