பின்னலில் ஏறிய பச்சோந்தி

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள். தலையில் பச்சோந்தியோடு நிற்கக் கூடாது என்று மட்டும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. (சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன், அது வேறு.)

அரூர் பக்கம் எங்கள் வீடு. மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்கும்போதே, வாசல் பூவரச மரத்தில் ஒரு பச்சோந்தி முன்னும் பின்னும் ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்த்துவிட்டார்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இது கண்ணுல படலாமாங்க? கடிச்சா வெசம். ஒரு தடி குடுங்க, அடிச்சிப் போட்டுட்டு உள்ள போலாம்."

அப்பா தடி தேட ஓடினார். (மாப்பிள்ளைக்கு பேங்க் வேலை. கேட்டிருந்தால் மரத்தையே வெட்டிக் கொடுத்திருப்பார்.) இந்தச் சம்பந்தம் கைநழுவக் கூடாது என்பதுதான் வீட்டில் அப்போது ஒரே பேச்சு. ஆனால் அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் நான் காலேஜ் பாடமெல்லாம் படித்தேன். பச்சோந்தியை எனக்குத் தெரியும், மாப்பிள்ளையைத் தெரியாது.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போனேன். "அடிக்காதீங்க, அதுக்கு வெசமே இல்லீங்க" என்று அதைக் கையில் எடுத்தேன். பெரிய வீராங்கனை என்று நினைப்பு.

வீரம் அதோடு சரி. அது கையிலிருந்து தோளுக்கு ஏறி, அம்மா என் பின்னலில் சுற்றிவிட்ட மல்லிகைச் சரத்தைக் கொடி என்று நம்பி உச்சந்தலைக்கே போய்விட்டது. இடுக்கி மாதிரி விரல்கள் மண்டையைப் பற்றியதும் நான் போட்ட கூச்சலில், கேசரித் தட்டோடு வந்த அம்மா திடுக்கிட்டாள். கேசரி மொத்தமும் தாய்மாமன் சட்டையில்.

இழுத்தால் அதன் கால் போகும், அல்லது என் முடி போகும். வேறு வழியில்லாமல், அதுவாக மரத்துக்கு ஏறிப் போகட்டும் என்று மரத்தில் தலையை முட்டுக்கொடுத்து நின்றேன். அது ஓர் அடி வைக்கும், யோசிக்கும், மறுபடி ஆடும். வந்தவர்கள் என் முதுகைத்தான் பெண் பார்த்தார்கள்.

"பச்சோந்தி ஏறுன பொண்ணு எங்களுக்கு வேண்டாங்க" என்றார் தாய்மாமன்.

தலையை எடுக்காமலே சொன்னேன்: "இத அடிக்கற வூடு எனக்கும் வேண்டாங்க."

கார் போய்விட்டது. அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு இன்றுவரை அதில் துளி வருத்தம் இல்லை. (கேசரிக்காக உண்டு. அம்மா நெய்யைத் தாராளமாக விட்டிருந்தாள்.)

அடுத்த வரன் வந்தபோது, அப்பாவே மாப்பிள்ளையை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். "பொண்ணப் பாக்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க" என்றார். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "எவ்ளோ நிதானமா நடக்குதுங்க!" அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போதும் நாங்கள் ஊருக்குப் போய் இறங்கியதும் அப்பா மரத்தைக் காட்டுவார். "மாப்ள, மூத்தவருக்கு ஒரு வணக்கம் வெச்சிட்டு உள்ள வாங்க."

என் கணவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணாந்து கும்பிடுகிறார்.