உங்கள் வீடுதான், ஐயா

மதிப்பிற்குரிய சாபரி மாமா அவர்களுக்கு,

மொதேனாவிலிருந்து மருமகள் எல்வானா பணிவுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

"வயசானவங்களை இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போய் ஏன்டி வதைக்கிற? நானே வந்து திருப்பிக் கூட்டிட்டு வரேன்" என்று நேற்று போனில் கத்தினீர்கள். நேரில் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். அம்மாவையும் அப்பாவையும் அனுப்ப மாட்டேன். நீங்களும் வர வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்ட பொம்மை விஷயம் உண்மைதான். நான் வாங்கிய வீட்டுக்குக் கண் படக்கூடாதென்று, நம் அல்பேனியாவில் எல்லோரும் செய்வதுபோல, அப்பா ஒரு கரடி பொம்மையைக் கழுத்தில் கயிறு கட்டி பால்கனியில் தொங்கவிட்டார். அதைப் பார்த்தபடி காபி குடிக்க முடியவில்லை என்று எதிர்வீட்டு ஓர்னெல்லா சண்டைக்கு வந்தாள். அம்மா அவள் செருப்பைக் கழற்றவைத்து, உட்காரவைத்து, அத்திப்பழ இனிப்பு கொடுத்தாள். இப்போது ஓர்னெல்லாவின் பால்கனியில் முயல் பொம்மை தொங்குகிறது.

பெரிய வினை அதற்குப் பிறகுதான் வந்தது. அம்மாவும் அப்பாவும் என்னோடுதான் குடியிருக்கிறார்களா என்று பார்க்க நகராட்சிக் காவலர் சொல்லாமல் வருவார். அவர் 'இல்லை' என்று எழுதிவிட்டால் இருவரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்தார். காபி, இனிப்பு, ராக்கிச் சாராயம் எல்லாம் வரிசையாக வந்தன. பணியில் இருப்பதால் ராக்கி வேண்டாம் என்றாராம். "விஷமா குடுக்கிறேன்? ஒரு வாய் குடிங்க!" என்று அப்பா விடவில்லை. தடை இருந்த அந்தக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இத்தாலி டிவி பார்த்துக் கற்ற மொழியல்லவா, வினாடி வினா நடத்துபவர் மாதிரிதான் பேசுவார். "இது யார் வீடு? நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று காவலர் கேட்க, அப்பா நெஞ்சில் கைவைத்து, "உங்க வீடுதான் ஐயா! நீங்க வந்தப்புறம் நாங்க யாரு?" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்தவரிடம் வேறென்ன சொல்வார்? காவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நகராட்சி அலுவலகம் போனேன். வரிசையில் பின்னால் வருபவர்களுக்கெல்லாம் வழிவிடும் நான், "மரியாதை தெரிஞ்சவங்க உங்க ஊர்ல குடியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. "கத்தாதீங்கம்மா, புதுசா எழுதிக் குடுங்க, மறுபடி வந்து பார்ப்பாங்க" என்றார் எழுத்தர். அப்பாவே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

"வந்தவர் மூஞ்சிக்கு நேரா 'எங்க வீடு'ன்னு சொல்றதா? நான் என்ன மானங்கெட்டவனா?" என்று இன்னும் முரண்டு பிடிக்கிறார். "உங்களுக்காகத்தான்பா வாங்கினேன்" என்றேன். அதிலிருந்து 'எங்க வீடு, எங்க வீடு' என்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று தனியாகச் சொல்லிப் பார்க்கிறார்.

ஆகவே மாமா, எங்களுக்கு யார் உதவியும் வேண்டாம். இனி இவர்கள் இங்கேதான். அத்தைக்கு என் அன்பு. கோபம் தணிந்ததும் என்னை ஆசீர்வதியுங்கள்.

தங்கள் மருமகள்,
எல்வானா

பின்குறிப்பு: அலுவலகத்திலிருந்து இப்போதுதான் போன் வந்தது. 'வீட்டில் வேறு யார் குடியிருக்கிறார்கள்' என்ற இடத்தில் அப்பா உங்கள் பெயரை எழுதியிருக்கிறார். கேட்டால், "மச்சானை விட்டுட்டு எழுதினா அவர் மனசு என்ன பாடுபடும்?" என்கிறார். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்காமல் இன்றே பஸ் ஏறுங்கள். காவலர் எந்த நாளும் வரலாம், எந்த மாதமும் வரலாம். குளிர்காலத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.