திருவிடந்தைக் கரையில் ஒரு துகள்

ஜாக்குலினை வாழ்த்தி பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியாகிவிட்டது. கண்டுபிடிப்புதான் இன்னும் உறுதியாகவில்லை.

பேனர் கட்டியது கணவன் மோசஸ். அவள் ஆராய்வது கனமான குவார்க்குகளை. பொருளின் மிக நுண்ணிய துணுக்குகளில் எடை கூடிய வகை; பிறந்த மறுகணமே சிதைந்துவிடும். எப்படிச் சிதையும் என்று ஒரு கணக்கு உண்டு. அவளுக்கு வந்த விடை அந்தக் கணக்கிலிருந்து மயிரிழை விலகியது. இதுவரை யாருமே பார்க்காத ஏதோ ஒரு துகள் குறுக்கிட்டால்தான் அப்படி ஆகும். கடலைப் பார்த்தபடி அந்த முகம் தெரியாத துகளையே நினைத்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறிப்போனது. என்ன விஷயம் என்று மோசஸ் கேட்டான். சொல்லித் தொலைத்தாள்.

பேனரைப் பார்த்த பிறகுதான் அவளுடைய ஆய்வுக் குழுவில் இருக்கும் நிதின் ஞாபகம் வந்தது. ஆசை கண்ணை மறைக்கக் கூடாது என்று, குழுவில் ஒருவர் ஏதாவது ஓர் எண்ணை ரகசியமாக விடையோடு கூட்டிவைப்பது அவர்கள் வழக்கம். வேலை எல்லாம் முடிந்த பிறகே அதைச் சொல்வார்கள். இந்த முறை அது நிதின் பொறுப்பு. அந்த மயிரிழை அவன் கூட்டியதாகத்தான் இருக்கும்.

"பேனர எறக்கிடு மோசஸ். தப்பாயிடுச்சு."

"இன்னா சொல்லிக்கினு கீற? சர்ச்சுல ஸ்தோத்திரமே சொல்லிட்டாங்க."

தப்பு என்று சொல்ல மோசஸுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கிடைத்த துகள் தொலைந்துவிட்டது என்று பாதிரியாரிடம் சொன்னான். அவர் உருகி ஜெபித்தார். சாயங்காலம் பாதி ஊர் அதைத் தேடிக் குனிந்து மணலைச் சலித்தது. பொன் வெளிச்சத்தில் அந்தக் காட்சி அழகாகத்தான் இருந்தது.

"எம்மாம் பெருசும்மா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

கண்ணுக்கே தெரியாது என்றாள் ஜாக்குலின். செல்லம்மா வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குமேல் ஜாக்குலினால் தாங்க முடியவில்லை. உலகத்து ஆய்வாளர்கள் கூடும் கூட்டத்தில் பேச அவளுக்குக் கிடைத்திருந்த ஒரே வாய்ப்பு அந்த விடையால் வந்தது. விடையை வாபஸ் வாங்குகிறேன், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று குழுவுக்கு எழுதினாள். உடனே கொடுத்துவிட்டார்கள். இல்லாத துகளுக்காக அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது நிதின் கூப்பிட்டான்.

"ஏங்க்கா வாபஸ் வாங்குனீங்க? இந்தவாட்டி நான் கூட்டிவெச்ச நம்பரு சைபருதான்க்கா."