வெயிலண்ணாவின் வெள்ளைச் சட்டை

போன கோடையில் எங்கள் ஊர் இளைஞர்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார்கள். வெயில் சுடாது. சுடுகிற மாதிரி இருந்தால் அது நம் பயம்தான். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. நாற்பது விநாடி ஓடும் ஒரு வீடியோவைப் பார்த்தார்கள். அதையும் பாதிப்பேர் முழுதாகப் பார்க்கவில்லை.

வீடியோவில் இருந்தவர் வெயிலண்ணா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது உச்சி வெயிலில் மொட்டை மாடியில் மூன்று மணி நேரம் நின்று, மூக்கு நுனிகூடச் சிவக்காமல் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்.

"தம்பிகளா, தங்கச்சிகளா. உங்க தாத்தனோட தாத்தன் சன்ஸ்கிரீன் போட்டானா? இல்ல. அவன் தோலுக்கு வெயிலைத் தெரியும். உங்க தோல் அத மறந்துபோச்சு. நான் ஞாபகப்படுத்துறேன்."

அந்தத் தாத்தனின் தாத்தன் உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது நாற்பது விநாடிக்குள் அடங்கியிருக்காது.

ஞாபகப்படுத்தும் மருந்தின் பெயர் கதிர் நீர். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூன்று நாள் மாடியில் வைத்து, கட்டைவிரல் உயரப் பாட்டிலில் அடைத்தால் கதிர் நீர். மூன்று சொட்டு தேய்த்துக்கொண்டு பதினொரு மணிக்கு வெயிலில் இறங்க வேண்டும். தோல் சிவந்தால் பயம் வெளியேறுகிறது. கொப்பளித்தால் பயம் நன்றாகவே வெளியேறுகிறது. உரிந்துவிட்டால் கொண்டாட்டம், 'முதல் உரிப்பு' என்று பட்டமே உண்டு. இரண்டாம் உரிப்பு முடித்தவர்களுக்கு வெயிலண்ணா தன் திருமுகத்தைத் துடைத்த வெள்ளைத் துண்டு ஒன்று பரிசாகக் கிடைக்கும்.

வெயிலின் கடுமையைப் போனில் ஓர் எண்ணாகக் காட்டுகிறார்கள் அல்லவா? எண் ஏறினால் வீட்டுக்குள் போங்கள் என்று சொல்லத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எண் ஏறியதும் வெளியே ஓடினார்கள். "இன்னிக்குப் பதினொண்ணுடா, வாடா" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் படுத்தார்கள். உரிந்த முதுகைப் படம் பிடித்துப் போட்டால் அதற்குக் கீழே ஆயிரம் இதயங்கள் வந்து விழுந்தன.

இதையெல்லாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒருத்தி உரிந்துகொண்டிருந்தாள்.

நானும் என் அக்காவும் சலவைக் கடை நடத்துகிறோம். அக்கா துவைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். அவள் மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறாள், வீட்டில் இன்னமும் பாப்பா. பாப்பா இரண்டாம் உரிப்பை முடித்தவள். பரிசாக வந்த துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். துவைக்கிற வீட்டில் துவைக்காத துண்டு அது ஒன்றுதான்.

அவள் தோளெல்லாம் கொப்பளம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதே இடத்துல இன்னொரு தடவை வெயில் சுட்டா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வரும். தழும்பும் போகாது" என்றார்.

பாப்பா அந்த அம்மாவை இரக்கத்தோடு பார்த்தாள். வெளியே வந்ததும், "பாவம் மாமா, அவங்களுக்கு இன்னும் பயம் போகல" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழு உரிப்பு. விளையாட்டு மைதானத்தில் மேடை போட்டு, தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர் வெயிலண்ணாவோடு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். பன்னிரண்டில் பாப்பாவும் ஒருத்தி. அக்கா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை ஆயிற்றே.

செவ்வாய்க்கிழமை கடை வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. இறங்கியவர் யாரோ ஒரு பெரிய மனிதரின் மேனேஜர். ஒரு மாதமாக வெள்ளைச் சட்டைகளாகக் கொண்டுவந்து போடுகிறவர், யாருடையது என்று சொல்லமாட்டார். "பால் மாதிரி வெளுக்கணும்" என்பார், அவ்வளவுதான். காருக்கும் கடைக்கும் நாலடி தூரம். அதற்கும் குடை பிடித்துக்கொண்டு வருவார்.

அன்றைக்குச் சட்டை மூட்டையை மேசைமேல் எறிந்தார். "என்ன கடைங்க நடத்துறீங்க? காலரெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி ஆரஞ்சாக் கிடக்கு. உங்க தண்ணி சரியில்ல. சார் செம கோவத்துல இருக்கார்."

அக்காவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் துவைப்பதைக் குறை சொல்லக் கூடாது.

"தண்ணி சரியில்லன்னா சட்டை முழுக்கத்தானே கறை வரணும்? காலர்லயும் கை மடிப்புலயும் மட்டும் எப்படி வரும்?" என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணும்" என்று மேனேஜர் குடையை விரித்துக்கொண்டு நாலடி நடந்து போனார்.

அக்கா ஒரு காலரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த இன்னொரு மூட்டையை அவிழ்த்தாள். அது நீச்சல் குளத்துக் காவலர்களின் பனியன் மூட்டை. நாளெல்லாம் வெயிலில் உட்காருகிறவர்கள். அந்தப் பனியன்களின் கழுத்திலும் அதே ஆரஞ்சு.

"சன்ஸ்கிரீன்டா தம்பி. துணியில படும்போது தெரியாது. நம்ம போர்த் தண்ணியில இரும்பு ஜாஸ்தி. அதோட ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தா இப்படித் திரும்பிடும். அந்தப் பசங்களுக்கு நான் ப்ளீச்சிங் போடறதில்ல, போன வாரம் மறந்து போட்டுட்டேன். இந்த ஆளுக்குப் பால் மாதிரி வேணும்னதால தினம் போட்டேன். யாரோ தெரியல, குளத்துப் பசங்கள விட மூணு மடங்கு அப்பியிருக்கான்."

அந்த நேரம் பார்த்துப் பாப்பா உள்ளே வந்தாள். சட்டையைப் பார்த்ததும் புத்தகப்பையைக் கீழே போட்டாள். சட்டையில் சூரியன் வடிவ மஞ்சள் பொத்தான்கள் இருந்தன.

"இது அண்ணா சட்டை. இந்தப் பொத்தான் அவருக்கு மட்டும்தான் செய்யறாங்க" என்று சட்டையை எடுத்து முகர்ந்தாள். நான் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலேயே வைத்து மறந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தேன்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். பாப்பா அசரவில்லை. "அது கதிர் நீர்க் கறையா இருக்கும்மா" என்றாள்.

"பாத்துடலாம்." அக்கா ஒரு வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்தாள். ஒன்றில் பாப்பாவின் கதிர் நீரை ஒரு பாட்டில் முழுக்கக் கொட்டினாள். இன்னொன்றில் குளத்துக் காவலர்களின் மூட்டையில் மறந்து வந்திருந்த சன்ஸ்கிரீன் டியூபைப் பிதுக்கித் தேய்த்தாள். இரண்டையும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த போர்த் தண்ணீரில், ஒரே வாளியில் முக்கினாள். கால்மணி நேரத்தில் ஒரு துணி ஆரஞ்சு. கதிர் நீர்த் துணி போட்டபடியே வெள்ளை.

பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குள், "அப்போ அது அண்ணாவோட வியர்வை. அவர் வியர்வையில சக்தி இருக்கு. ஆரஞ்சு சூரியனோட நிறம்தானே?" என்றாள்.

அவள் போன பிறகு நான் அக்காவிடம், "அலமாரித் துண்டைத் தூக்கிட்டு வந்து முக்கிடட்டுமா?" என்றேன்.

"திருடி முக்கினா நாம ஏதோ கலந்துட்டோம்னு சொல்லுவா. அவளா முக்கணும். இப்ப வியர்வைங்கிறா. சரி, வியர்வையையே பரீட்சை பண்ணிடுவோம்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் கதிர் நீர் விற்பனை, ஒரு பக்கம் உரிந்த முதுகுகளின் புகைப்படக் கண்காட்சி. ஓரத்தில் குடை பிடித்த பெற்றோர்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள். மேடையில் பன்னிரண்டு பேர். பாப்பா கையில்லாத சட்டை போட்டிருந்தாள். தோளில் பழைய கொப்பளங்கள் பளபளத்தன. நடுவில் வெயிலண்ணா, புதுச் சட்டையில். முன்னால் கேமரா, லைவ் ஓடுகிறது.

அக்கா ஒரு வாளி போர்த் தண்ணீர், ஒரு காலித் தொட்டி, சோப்பு, ப்ளீச்சிங் பவுடர், வெள்ளைத் துண்டுகள் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு, கறைபட்ட சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

"தம்பி, நான் உங்க சட்டை துவைக்கிறவ. காலர் கறை போகல. அது என்னன்னு நீங்களே சொன்னா நல்லாருக்கும்."

வெயிலண்ணா கூட்டத்தைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், ஒரு விநாடியில் சமாளித்துக்கொண்டார். "அது கறை இல்லம்மா. என் வியர்வையில இருக்கிற சூரிய சக்தி."

கூட்டம் கைதட்டியது. பாப்பா என்னைப் பார்த்து, சொன்னேன் பார்த்தீர்களா என்று புருவத்தை உயர்த்தினாள்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. வியர்வைன்னா உள்ளேர்ந்துதானே வருது? இப்ப ஒரு துண்டுல மூஞ்சியைத் துடைங்க. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு நில்லுங்க. மறுபடி வேர்க்கும். அத இன்னொரு துண்டுல துடைப்போம். ரெண்டையும் முக்கிப் பாத்தா சக்தி எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

மேனேஜர் குடையோடு ஓடிவந்தார். "சோப்பெல்லாம் ரசாயனம். அண்ணா தொடமாட்டார்."

"கைக்குழந்தைக்குப் போடற சோப்புங்க இது."

அக்கா அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை. மற்றதைப் பக்தர்கள் பார்த்துக்கொண்டார்கள். "கழுவுங்கண்ணா. காட்டுங்கண்ணா. இந்தம்மாவுக்குப் புத்தி வரட்டும்" என்று மைதானமே கூவியது. சந்தேகப்பட்டவர்கள் கேட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். நம்பியவர்கள் கேட்டதால்தான் மாட்டிக்கொண்டார்.

"நான் தண்ணி ஊத்துறேன்ணா" என்று பாப்பாவே முன்னால் வந்தாள்.

வெயிலண்ணா ஒரு துண்டில் துடைத்துவிட்டு, முகம், கழுத்து, காது எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினார். தொட்டியில் விழுந்த தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. மேனேஜர் கேட்ட வெளுப்பு கடைசியில் அங்கேதான் வந்தது. பாப்பா தொட்டியையே பார்த்துக்கொண்டு ஊற்றினாள். அவள் கை மெதுவாகியது.

பிறகு நின்றார்கள். பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் துண்டில் துடைத்தார்கள். அக்கா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, இரண்டு துண்டையும் எல்லோருக்கும் தெரியும்படி முக்கினாள். கால்மணி நேரம் கழித்து எடுத்தாள். சோப்புக்கு முந்தைய துண்டு ஆரஞ்சு. பிந்தைய துண்டு சலவைக் கடை விளம்பரத்தில் வருவதுபோல் வெள்ளை.

இதற்குள் வெயிலண்ணாவின் மூக்கு சிவக்க ஆரம்பித்திருந்தது. காது இரண்டும் அதைப் பின்தொடர்ந்தன. நெளிந்தார். கையால் நெற்றியை மறைத்தார். மைக் போட்டிருப்பதை மறந்து, "யோவ், குடையக் கொண்டாய்யா, எரியுது" என்றார்.

முன்வரிசையில் ஒருவன் எழுந்து கைகூப்பினான். "விடாதீங்கண்ணா. பயம் வெளியேறுது."

இன்னொருத்தி கண் கலங்கினாள். "நல்லாவே வெளியேறுதுண்ணா."

வெயிலண்ணா அவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, மேடையிலிருந்து குதித்து ஓடினார். மேனேஜர் குடையோடு பின்னால் ஓடினார். காரில் ஏறியதும் ஒரு பெரிய டியூபைப் பிதுக்கி அண்ணாவின் மூக்கில் அப்பினார். அவசரத்தில் கார்க் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டார். கேமரா பிடித்தவன் கடமை தவறாதவன், அதையும் லைவில் காட்டிவிட்டான்.

மேடையில் பாப்பா தன் பையைத் திறந்தாள். அன்றைக்கென்று அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த பரிசுத் துண்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, யாரையும் பார்க்காமல் வாளியில் முக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே எடுத்தபோது அதுவும் ஆரஞ்சாகியிருந்தது. பிழிந்து, மடித்து, கீழே வைத்தாள்.

"அம்மா, தோள் எரியுதும்மா. ரெண்டு மாசமா எரியுது" என்றாள்.

அக்கா குடையை எடுத்தாள். சொல்லிக்காட்ட அவளுக்கு உரிமை இருந்தது, வார்த்தையும் நிறைய இருந்தது. குடையை மட்டும் விரித்துப் பாப்பாவின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டாள். நான் வாளியைத் தூக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு மனிதர்கள்மேல் நல்ல அபிப்பிராயம் இருந்திருக்கும். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வரிசை நின்றது. எல்லோர் கையிலும் காலியான கதிர் நீர்ப் பாட்டில். முதல் ஆள், நேற்று முன்வரிசையில் கைகூப்பிய அதே பையன்.

"அந்தத் துவைக்கிற அம்மா இருக்காங்களா? பொய்யக் கண்டுபிடிக்கிற அந்த வாளித் தண்ணி ஒரு பாட்டில் வேணும். எத்தனை சொட்டு, எந்த வேளைக்குன்னு அவங்க கையாலயே எழுதிக் குடுத்தாத் தேவலை."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்லாப் பக்கம் இருந்த பாப்பா எழுந்தாள். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, மூக்கில் வெள்ளையாக ஒரு பூச்சு, வெயிலண்ணா மாதிரி ஒளிக்காமல்.

"அது வெறும் போர்த் தண்ணியும் ப்ளீச்சிங் பவுடரும்தாங்க. தண்ணி குழாயத் திறந்தா வரும், பவுடர் மளிகைக் கடையில கிடைக்கும். மடிச்சே வெச்ச துணி பூஞ்சை பிடிச்சுடும், மூளையும் அப்படித்தான். என் மூளையிலயும் பூஞ்சை பிடிச்சிருந்தது. வீட்டுக்குப் போய் உங்க மூளைய எடுத்து, நல்லா உதறி வெயில்ல போடுங்க. அதுக்கு மட்டும் சன்ஸ்கிரீன் வேணாம்."