தூக்குக்குண்டு ஆடிய வீடு

எங்கள் பகுதியில் வீட்டை இடித்துத் திருத்துகிறவர்கள் அத்தனை பேரும் அன்று டைல்ஸ் கடை வாசலில்தான் நின்றோம். ஆளுக்கொரு பொட்டலம். பொட்டலத்துக்குள் அவரவர் வீட்டுச் சுவரிலிருந்து சுரண்டிய காரை. அதை முகர்ந்து பார்த்தே சுவரின் மனக்குறையைச் சொல்லிவிடுவாராம் அங்கே வந்திருந்த சுவர்நாடியார். "மனுஷனுக்கு நாடி இருக்கு, சுவருக்கு இருக்கக் கூடாதா?" என்று கேட்டவர் ஒரு வங்கி மேலாளர். நானும் தலையாட்டினேன். எனக்கு அது கைவந்த கலை.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியருக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று, நாலு வீடியோ பார்த்துவிட்டு, மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு என் வீட்டு வேலையை நானே நடத்தக் கிளம்பியவன் நான். தரை போட்டு முடித்த பிறகுதான் குழாய் பதிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது, தரையை உடைத்தேன். சமையல் மேடையை என் உயரத்துக்குக் கட்டினேன். சமைக்கிற மனைவிக்கு அது கழுத்தளவு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நான் வைத்த கதவு, மூடினால் தானாகத் திறந்தது. தப்பு யாருடையது என்று கண்ணாடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கண்ணாடியையும் நான்தான் உடைத்திருந்தேன்.

நாடியார் என் பொட்டலத்தை முகர்ந்தார். "தப்பு உங்க மேல இல்லீங்க. சுவர் அழுவுது."

வேலை தொடங்கியதிலிருந்து அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தேன். பின்னாலேயே பாதித் தெரு வந்தது.

கூடத்தில் அவர் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதேதான். அதைச் சமையலறைச் சுவருக்கு முன்னால் பிடித்தார். குண்டு ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இந்தச் சுவர்தான். இன்னைக்கே இடிக்கணும்."

"சார், இது மாடியைத் தாங்குற சுவரு," என்றார் எங்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்.

"பார்த்தீங்களா, சுவர் இவரையும் பேச வைக்குது," என்றார் நாடியார். கூட்டம் ஆமாம் போட்டது. நானும் போட்டேன். "எடுங்க சம்மட்டியை," என்றேன்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து என் மாமியார் இறங்கி வந்தார்.

"மாப்பிள்ளை, அந்தச் சுவருக்கு நேர் மேலதான் என் கட்டில் இருக்கு."

"கட்டிலை நகர்த்திக்கலாம் அத்தை."

"அப்படியே வீட்டையும் நகர்த்திருங்க," என்றவர் நாடியாரிடம் திரும்பினார். "ஐயா, சுவர்தானே குண்டை ஆட்டுது?"

"ஆமாம்மா. என் கையில ஒண்ணுமில்ல."

"அப்ப உங்க கை எதுக்கு வலிக்கணும்? இந்த ஆணியில மாட்டுங்க."

என் வீட்டில் ஆணிக்குப் பஞ்சமில்லை. எங்கெல்லாம் அடிக்கக் கூடாதோ அங்கெல்லாம் அடித்திருந்தேன். கதவுச் சட்டத்தின் உச்சியிலிருந்த ஓர் ஆணியில் அத்தையே குண்டை மாட்டினார். அது லேசாக ஆடி, நின்றுவிட்டது. எத்தனை நேரம் பார்த்தும் அசையவில்லை.

"மனுஷ உடம்போட சூடு வேணும்மா," என்றார் நாடியார்.

"சரி, கையிலயே பிடிங்க. கண்ணை மட்டும் கட்டிக்கலாம். அழுற சுவர் எதுன்னு குண்டுக்குத்தான் தெரியுமே."

அத்தனை பேர் முன்னால் அவர் எப்படி மறுப்பார்? அத்தை ஒரு துண்டால் அவர் கண்ணைக் கட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, நடத்திக்கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தினார். குண்டு முன்னைவிட வேகமாக ஆடியது.

"இதேதான். எப்படி அழுவுது பாருங்க. உடனே இடிங்க."

துண்டை அவிழ்த்தார்கள். எதிரே எங்கள் ஃபிரிட்ஜ் நின்றது. சமையலறை பாழானதிலிருந்து அது கூடத்தின் நடுவில்தான் குடியிருந்தது.

"அழுவுறது வாஸ்தவம்தான்," என்றார் அத்தை. "கதவு சரியா மூடாம தண்ணி ஒழுகுது."

கொத்தனார் சிரிக்க வசதியாகச் சம்மட்டியைக் கீழே வைத்தார். அதுவரை ஆமாம் போட்ட கூட்டம், "எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்று சொல்ல ஆரம்பித்தது. அதில் பெரிய குரல் என்னுடையது. நாடியார் கையிலிருந்த குண்டையும் போட்டுவிட்டு நடையைக் கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வாசல்வரை ஓடி, "எங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லீங்க, வர்றீங்களா?" என்று கேட்டார்.

அத்தை குண்டை மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார். "இங்க வாங்க மாப்பிள்ளை."

மேலே கதவுச் சட்டத்தை ஒட்டியிருந்த நூல், கீழே நாலு விரல் விலகி நின்றது.

"நூல் நேராத்தான் நிக்குது. சட்டம்தான் சாஞ்சிருக்கு. கதவு எப்படி மூடும்? யாரு வெச்சது?"

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே அத்தையின் கட்டில். தப்பு என் மேல் இல்லை என்று ஒருவன் சொன்ன சுகத்துக்காக, அதன் அடியிலிருந்த சுவரையே உருவப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"நான்தான் அத்தை," என்றேன். அந்த வீட்டு வேலையில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு நாடியார் வருவார். தப்பு உங்கள் மேல் இல்லை என்பார். ஓர் ஆணியைத் தயாராக வைத்திருங்கள். ஆணி கிடைக்காவிட்டால் மூளையைப் பயன்படுத்துங்கள்; அதற்குச் சுத்தியல்கூட வேண்டாம்.